ராக் ஆரோக்கியராஜின் வெள்ளைக் கோட்டு

எங்கள் வீட்டுப் பீரோவில் என் புடவைக்கு இடமில்லை. எல்லாத் தட்டிலும் ஓர் ஆம்பளையின் பேண்ட்டும் சட்டையும் அடுக்கியிருக்கின்றன. அந்த ஆம்பளை என் புருஷனும் இல்லை, என் அக்காவுக்குப் புருஷனும் இல்லை. எங்களுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. என் புடவைகள் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிக்குள் கரப்பான்பூச்சியோடு குடித்தனம் நடத்துகின்றன. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். ஒரு வாரம் எங்கள் வீட்டில் வந்து இருந்து பார்க்கட்டும், அப்புறம் சிரிக்கட்டும்.

அக்காவின் பெயர் பிரபாவதி. காணைப் பக்கம் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நான் தேவகி, அவளுக்கு இளையவள். விழுப்புரம் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் தவறிய பிறகு, கல்யாணத்துக்கு எனக்குச் சீராகக் கொடுத்த பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டு அப்பா கட்டிய இந்த வீட்டுக்கே திரும்பிவிட்டேன். அக்கா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. "பாட்டுக்காரனை நெனச்சுக்கினு வாழ்க்கைய கெடுத்துக்கிச்சு" என்று தெருவில் சொல்வார்கள். சுத்தப் பொய். பெண் பார்க்க வந்தவர்களில் ஒருத்தனையும் அவளுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று வாயைத் திறந்து சொன்னாள், அவ்வளவுதான் நடந்தது.

பாட்டுக்காரர் என்று அவர்கள் சொல்வது ராக் ஆரோக்கியராஜை. இப்போதுள்ள பிள்ளைகளிடம் அந்தப் பெயரைச் சொன்னால் முழிக்கும். எண்பதுகளில் அப்படி இல்லை. திண்டிவனம், விழுப்புரம், மரக்காணம் வரைக்கும் அந்தப் பெயர் போட்டு ஒரு நோட்டீஸ் ஒட்டினால் போதும், சனம் சாயங்காலமே வந்து துண்டு போட்டு இடம் பிடித்துவிடும். மாரியம்மன் கோயில் திருவிழாவா, மாதா கோயில் தேரா, ரெண்டுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மற்ற மெல்லிசைக் குழுக்காரர்கள் சினிமாப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது இவர் தமிழில் சொந்தமாகப் பாட்டுக் கட்டி, கிடாரை மாட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கி இடுப்பை ஆட்டி ராக் அண்ட் ரோல் பாடினார். ரெண்டு கேசட்டும் வந்தது. முகையூரில் கூலிக்குப் போன குடும்பத்துப் பிள்ளை.

அக்கா அவரை முதலில் பார்த்தது திண்டிவனத்தில், ஒரு திருவிழா மேடையில். நானும் கூடப் போயிருந்தேன். எனக்கு ஞாபகம் இருப்பது கொசுக்கடியும் பட்டாணி சுண்டலும்தான். அக்காவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. வெள்ளை சாட்டின் கோட்டு, தோளிலிருந்து முழங்கை வரைக்கும் தொங்கிய வெள்ளிக் குஞ்சம், ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் வலது பாக்கெட்டில் கையை விட்டு ஒரு கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அடுத்த பாட்டைத் தொடங்கியது, எல்லாம் ஒன்று விடாமல் சொல்வாள்.

"அதுல இன்னாக்கா அப்படி அதிசயம்?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு தடவைதான் ஒழுங்காகப் பதில் சொன்னாள்.

"நம்ம அப்பன் மாதிரி கொல்லையில மல்லாட்டைச் செடி புடுங்கக் கூலிக்குப் போனவரு மவன்டி அவரு. நம்மாளு மேல துண்டைப் போட்டுக்கினு நடந்தாலே ஏன்டான்னு கேட்ட காலம். இந்த மனுசன் கோட்டு போட்டுக்கினு மேல நிக்கிறாரு. கேட்டவனுங்க எல்லாம் கீழ சேர்ல குந்திக்கினு அண்ணாந்து பாக்கறானுங்க. நான் அந்தக் கோட்டைப் பாக்காம வேற எதைப் பாக்கறது?"

சரி, பார்த்தாயிற்று. வீட்டுக்கு வந்து சோற்றைத் தின்றுவிட்டுப் படுக்க வேண்டியதுதானே? இவள் சேர்க்க ஆரம்பித்தாள். முதலில் சுவரிலிருந்து பசையோடு பிய்த்துக்கொண்டு வந்த ஒரு நோட்டீஸ். அப்புறம் அவர் வியர்வை துடைத்து மேடையிலிருந்து எறிந்த கைக்குட்டை. அதற்காகக் கூட்டத்தில் விழுந்து எழுந்ததில் அவள் காதுத் தோடு ஒன்று போய்விட்டது. அம்மா அடித்த அடியில் நானே பயந்துபோய் அழுதேன். இவள் அழவில்லை.

அவருக்குக் கச்சேரி குறைந்து, குழு கலைந்த பிறகு துணிமணியெல்லாம் ஊர் ஊராகச் சிதறிவிட்டது. டிரம்ஸ் அடித்தவர் வீட்டில் சிவப்புச் சட்டை, மைக் செட்டுக்காரர் மச்சான் வீட்டில் பெல் பாட்டம், எங்கேயோ ஒரு வீட்டில் நாய்க்குப் படுக்கையாக ஒரு ஜிகினா மேல்சட்டை. அக்கா ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் இவற்றைத் தேடினாள். காசு நீட்டினால் யாரும் கொடுக்க மாட்டார்கள், போட்ட துணியை விற்பதா என்று கூச்சப்படுவார்கள். பாத்திரம் என்றால் கூச்சமே இல்லை. தெருவில் பழைய துணிக்குப் பாத்திரம் போடுகிற பொம்பளைகள் வருவார்கள் இல்லையா, கிழிந்த புடவையைக் கொடுத்தால் கிண்ணம் கொடுப்பார்களே, அந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டாள். ஒரு எவர்சில்வர் பாத்திரத்தைப் பையில் போட்டுக்கொண்டு போவாள், துணியோடு திரும்பி வருவாள்.

அந்தப் பாத்திரம் எங்கிருந்து வந்தது? என் மூட்டையிலிருந்து. என் கல்யாணப் பாத்திரம் அத்தனையிலும் 'தேவகி' என்று புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும். எங்கள் அப்பா கடையிலேயே கால் கடுக்க நின்று வெட்ட வைத்தது. நான் கடைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து ஒவ்வொன்றாகக் கிளப்பிக்கொண்டு போய்விடுவாள். பெல் பாட்டத்துக்கு இட்லிக் குண்டான் போனது. குதிகால் உயர்ந்த பூட்ஸுக்குத் தவலை போனது. ஒரு நாள் சாம்பார் வாளியைத் தேடுகிறேன், வாளி இருந்த இடத்தில் தங்கக் கலரில் ஒரு பெல்ட் சுருண்டு கிடக்கிறது.

"ஏன்க்கா, இந்த பெல்ட்டுல நான் சாம்பாரு மொண்டு ஊத்தறதா?" என்று கத்தினேன்.

"கத்தாதடி. ஒரிஜினல் பக்கிள் பாரு, ஒரு கல்லு கூட விழல" என்றாள்.

தலையில் அடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

இதற்கு நடுவில் ராம்கி என்று ஒருத்தன் வந்தான். வானூர்ப் பக்கம் மெயின் ரோட்டில் காபிக் கடை நடத்துகிறவன். யார் மூலமோ கேள்விப்பட்டு, செல்போனில் படமெல்லாம் பிடித்து, "மேடம், இதெல்லாம் நாலு பேரு பாக்கணும் மேடம். கடையில ஒரு மூலை பூரா ராக் ஆரோக்கியராஜுக்குத்தான்" என்று பேசினான். வாழ்க்கையில் முதன்முதலாக ஒருத்தன் தன்னை மேடம் என்றதில் அக்கா உருகிவிட்டாள். சிவப்புச் சட்டையையும் பூட்ஸையும் கொடுத்தனுப்பினாள். ஒரு மாசம் கழித்துப் பார்க்கப் போனோம். சட்டையைச் சுவரில் விரித்து நாலு மூலையிலும் ஆணி அடித்திருந்தான். பூட்ஸில் மண்ணைக் கொட்டி மணி பிளான்ட் வைத்திருந்தான். காபி குடிக்க வந்த சனத்துக்கு முன்னால் அவனை நான் கேட்ட கேள்வியில் அவன் அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் மூடியிருப்பான். அக்கா ஆணியைக் கழற்றிச் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டாள். செடியைப் பிடுங்கி வைத்துவிட்டு பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். அன்றையிலிருந்து பீரோவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். இனி ஒரு நூல் கூட இந்த வீட்டை விட்டு வெளியே போகாது என்று சத்தமாகவே சொன்னேன்.

எல்லாம் வந்துவிட்டது, அந்த வெள்ளைக் கோட்டைத் தவிர. அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். முகையூரில் அவர் வீட்டிலேயே, இரும்புப் பெட்டியில், அந்துருண்டை வாசத்தோடு இருந்தது. அவர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டார், பேச்சும் போய்விட்டது. அவர் மனைவி ரோஜா மேரிதான் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் போனால் காபி கொடுப்பார். டம்ளரைத் திருப்பிப் பார்த்தால் 'தேவகி' என்று என் பேர் இருக்கும். என் டம்ளரில் எனக்கே காபி. வயிறு எரியாதா?

அக்கா கேட்கிறபோதெல்லாம் ரோஜாம்மா ஒரே பதில்தான் சொல்வார். "மத்தது எது வேணாலும் எடுத்துக்க பிரபா. கோட்டை மட்டும் கேக்காத. அது அவரு போவும்போது போட்டு அனுப்ப வச்சிருக்கறேன்."

அந்த ஊரில் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பங்களில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்குப் போட்ட கோட்டையோ நல்ல பட்டையோ அடக்கத்துக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். அதாவது, அவர் உயிரோடு இருக்கும்வரை கோட்டு பெட்டியில் இருக்கும். உயிர் போனால் கோட்டு மண்ணுக்குள் போய்விடும். அக்காவுக்கு எந்த வழியிலும் கிடைக்காது. இதை நினைத்து நினைத்து அவள் சாப்பாட்டைக் குறைத்தாள், தூக்கத்தைக் குறைத்தாள், என் உயிரை வாங்கினாள். அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று மெழுகுவத்தி ஏற்றுவாள். ஏற்றிவிட்டு வந்து கோட்டைப் பற்றிப் புலம்புவாள்.

ஒரு நாள் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அதே மாதிரி புதுசா ஒண்ணு தச்சு அந்தம்மா கையில குடுத்துட்டுப் பழச வாங்கிக்கினு வாயேன்! ஏன் என் பிராணனை எடுக்கற?" என்று கத்திவிட்டு மாவரைக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் அக்கா புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

தைக்கிறவரைத் தேடி அலைந்து கடைசியில் திண்டிவனத்தில் விருத்தாசலம் என்று ஒரு தையல்காரரைப் பிடித்தோம். கல்யாணத்துக்கு வாசிக்கிற பேண்டு வாத்தியக்காரர்களுக்கு யூனிஃபார்ம் தைக்கிறவர். சாட்டினும் குஞ்சமும் அவரிடம்தான் கிடைக்கும். பழைய போட்டோவைக் காட்டி அக்கா விளக்கமாகச் சொன்னாள். அக்காவுக்கு முழங்கால் வலி வந்ததும் அலைச்சல் என் தலையில் விழுந்தது. இட்லி வியாபாரத்தை முடித்துவிட்டு பஸ் ஏறித் திண்டிவனம் போவேன். மனுஷன் ஒவ்வொரு தடவையும் ஒன்றைக் கூட்டி வைத்திருப்பார்.

"இன்னாங்க இது, காலர்ல தங்க ஜரிகை?"

"சொம்மா இருக்கட்டும்மா. எடுப்பா இருக்குது பாருங்க."

"போட்டோவுல இருக்குதா?"

"போட்டோ பிளாக் அண்ட் ஒயிட்டும்மா. அதுல ஜரிகை எப்படித் தெரியும்?"

"ஏங்க, வெள்ளைக் கோட்டுல ஜரிகை இல்லைன்னா இல்லைதாங்க! பிரிங்க அதை!"

பிரிப்பார். அடுத்த தடவை தோளில் ரெண்டு பித்தளைப் பொத்தான் இருக்கும். அதற்கு ஒரு சண்டை. பக்கத்துக் கடைக்காரர்கள் நான் வருவதைப் பார்த்தாலே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், முடித்துக் கொடுத்தபோது கோட்டு பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது.

முகையூருக்கு எடுத்துக்கொண்டு போனோம். ரோஜாம்மா புதுசையும் பழசையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் போட்டுப் பார்த்தார். பழசு மஞ்சளடித்து, கக்கத்தில் கிழிந்து, குஞ்சத்தில் பாதி உதிர்ந்து கிடந்தது. "நாலு சனம் வர்ற எடம். கிழிஞ்சத போட்டா என்னைத்தான் கொறை சொல்லுவாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். புதுசை எடுத்து, சாய்ந்து படுத்திருந்த புருஷன் மடியில் வைத்தார். ஆரோக்கியராஜ் இடது கையால் தடவிப் பார்த்தார். குஞ்சத்தைத் தொட்டார். அப்புறம் கோட்டின் வலது பக்கம் ரெண்டு மூன்று தடவை தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"தட்டிக் குடுக்கறாரு பாரு. புடிச்சிருக்குது" என்றார் ரோஜாம்மா. எங்களுக்கும் அப்படித்தான் பட்டது.

பஸ்ஸில் அக்கா பழைய கோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் பாக்கெட்டில் கையை விட்டாள். அடியில் எறும்பு தின்று ஓட்டை போட்டிருந்தது. நகக்கண்ணில் கொஞ்சம் கல்கண்டுத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்து அந்தப் பைத்தியக்காரி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. போகட்டும், இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஆயுத பூஜை வந்தது. நான் என் கிரைண்டர், இட்லிப் பானைக்கெல்லாம் பொட்டு வைப்பேன். அக்கா வருஷா வருஷம் பீரோவைத் திறந்து அவர் சாமான்களுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாள். மைக்குக்கு ஒன்று, பூட்ஸுக்கு ரெண்டு. அந்த வருஷம் கோட்டுக்கும் வைத்தாள், நெஞ்சுப் பக்கம் காலர் மடிப்பில், பெரிதாக.

"வெள்ளைத் துணிக்கா! குங்குமம் போவாது!" என்று ஓடி வந்தேன்.

"பொட்டு வைக்காம எப்படிடி? மூலைல கெடக்கற சுத்தியலுக்கு வைக்கறோம், இதுக்கு வைக்கக் கூடாதா?" என்றாள். சாட்டினில் எண்ணெய் ஊறுவதுபோல் சிவப்பு ஊறிப் பரவியது. தேடித் தேடி வாங்கின கோட்டைத் தன் கையாலேயே கறையாக்கிவிட்டாளே என்று எனக்குத்தான் ஆத்திரம். அவள் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தாள்.

தை மாசம் அவர் போய்விட்டார். விடிந்ததும் போன் வந்தது. கடையை மூடிவிட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டி, புதுக் கோட்டைப் போட்டு, பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். உடம்பு விறைத்துவிட்டதால் முதுகுப் பக்கம் கத்தரியால் வெட்டித்தான் மாட்டியிருந்தார்கள். முன்னாலிருந்து பார்த்தால் தெரியவில்லை. சும்மா சொல்லக் கூடாது, மின்னியது. அதுதான் கேடாகப் போனது. முகம் சுருங்கி, கன்னம் ஒட்டி, எலும்பாகக் கிடந்த மனுஷன் மேல் அந்தப் பளபளப்பு ஒட்டவே இல்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருத்தி, "பேண்டு செட்டுல வாசிக்கறவரா?" என்று கேட்டாள். அவளைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது. ஆனால் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ரோஜாம்மா உள்ளே போய்க் கை நிறையக் கல்கண்டு எடுத்து வந்தார். "எந்த மேடைக்கும் இது இல்லாம அவரு ஏறினதில்ல" என்று சொல்லிக்கொண்டே கோட்டின் வலது பாக்கெட்டில் போடக் குனிந்தார். கை போகவில்லை. மறுபடியும் விரலை நுழைத்தார். போகவில்லை. நான் போய்ப் பார்த்தேன். பாக்கெட்டே இல்லை. பாக்கெட்டுக்கு மேல் வருகிற மூடி மட்டும் இருந்தது, அதையும் துணியோடு சேர்த்துத் தைத்திருந்தார் அந்த விருத்தாசலம். பேண்டு செட்டு யூனிஃபார்முக்கு அப்படித்தான் தைப்பார்களாம், வாசிக்கிறவன் பீடிக்கட்டைப் போட்டுப் பாக்கெட்டைத் தொங்கவிடக் கூடாது என்று. ஜரிகைக்கும் பொத்தானுக்கும் சண்டை போட்ட நான் பாக்கெட்டில் கையை விட்டுப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவர் தட்டித் தட்டித் தேடியது இதைத்தான் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ரோஜாம்மா கல்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். விரலிடுக்கு வழியாக ஒவ்வொன்றாக உதிர்ந்தது.

அக்கா என் தோளைத் தொட்டாள். "எப்போ எடுக்கறாங்கன்னு கேளு."

"சாயங்காலமாம். எதுக்கு?"

"வா. ஜல்தியா வீட்டுக்குப் போயிட்டு வந்துடலாம்."

எனக்குப் புரிந்துவிட்டது. "அக்கா, வேணாம்" என்றேன். அவள் அதற்குள் ஆட்டோவில் ஏறியிருந்தாள்.

வழி முழுக்க நான் பேசிக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் வந்தும் பேசினேன். அவள் பீரோவுக்கு முன்னால் நின்று கையை நீட்டினாள். நான் சாவியை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"தர மாட்டேன். என் குண்டான் போச்சு, தவலை போச்சு, வாளி போச்சு. உனுக்கு முழங்காலே போச்சு. இந்த ஒரு கோட்டுக்காக எத்தினி வருசம் நாய் மாதிரி அலைஞ்ச? மண்ணுல போட்டுப் பொதைக்கறதுக்கா? அவருக்கா தெரியப் போவுது?"

"சாவிய குடுடி."

"அந்தம்மாதானே புதுசு போதும்னு குடுத்துச்சு? நீ ஏமாத்தியா வாங்கின?"

"கோட்டு யாருதுடி?" என்று கேட்டாள்.

"உன்துதான்!"

"யாருதுன்னு கேக்கறேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை காலம் இந்தக் குப்பையெல்லாம் எப்போது தொலையும் என்று கத்தியவள் நான்தான். இப்போது அவள் கையிலிருந்து ஒன்று போகிறதே என்று எனக்குத்தான் தாங்கவில்லை. ஒருத்திக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை, அதுவும் ஆறு மாசம் கூட வீட்டில் தங்கவில்லை என்றால் யார் மேல் கோபப்படுவது? சாவியை அவள் மேல் விட்டெறிந்தேன். பொறுக்கிப் பீரோவைத் திறந்தாள்.

திரும்பிப் போனபோது சவப்பெட்டி வந்து வாசலில் இருந்தது. ரோஜாம்மா பழைய கோட்டைப் பார்த்ததும் அக்காவின் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டார். அவர் கொழுந்தனார் கத்தரியை எடுத்து வந்தார், "முதுகுல வெட்டினாத்தான்மா கை நுழையும்" என்று. அக்கா கத்தரியை வாங்கிக்கொண்டாள். "நான் வெட்டறேன்." கோட்டைத் திருப்பிப் போட்டு, முதுகுத் தையலில் நூலை மட்டும் பார்த்துப் பார்த்துக் கத்தரித்தாள். துணியில் ஒரு கீறல் விழவில்லை. எனக்குப் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போட்டு முடித்ததும் செபம் சொல்ல வந்திருந்த மாதா கோயில் உபதேசியார் குனிந்து பார்த்தார். "இன்னாம்மா, குங்குமம் கீது?"

நான் பூமிக்குள் போய்விட்டேன். ஈரத்துணி கொண்டு வந்து ரோஜாம்மா துடைத்தார். அது இன்னும் பரவி ரோஸ் கலரானது. துடைப்பதை நிறுத்திவிட்டார். "இருக்கட்டும் உபதேசியாரே. எத்தினி அம்மன் கோயில்ல பொட்டு வச்சு, மாலை போட்டு மேடை ஏத்துனாங்க. அப்பல்லாம் யாரு கேட்டாங்க?" உபதேசியார் செபமாலையை இறந்தவர் கையில் சுற்றினார். வலது பாக்கெட்டில் ரோஜாம்மா கல்கண்டு போட்டார். அடியிலிருந்த ஓட்டையை அக்கா முதலிலேயே ஒரு ஊக்கு குத்தி அடைத்திருந்தாள்.

கல்லறையில் பெட்டி இறங்கியபோது எல்லாரும் அவருக்காக அழுதார்கள். நான் என் அக்காவுக்காக அழுதேன். அவள் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். "போலாமா? பஸ்ஸு போயிடும்" என்றாள்.

முதுகு வெட்டிய புதுக் கோட்டு ஒரு மஞ்சள் பையில் என் கையில் இருந்தது. பிணத்துக்குப் போட்டதை எரித்துவிடு, வீட்டுக்குள் கொண்டு போகாதே என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். தையல்காரரோடு அவ்வளவு சண்டை போட்டு வாங்கியதை எரிக்க எனக்கு மனசு வரவில்லை. நானே சோப்புப் போட்டு அலசிக் காயவைத்து, ஒரு நாள் திண்டிவனத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். விருத்தாசலம் கடையில் அன்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் கூட ஸ்டூலை எடுக்கவில்லை. "சொல்லலியேம்மா, பாக்கெட்டு வேணும்னு யாரும் சொல்லலியே" என்று மனுஷன் திரும்பத் திரும்பச் சொன்னார். முதுகைத் தைத்து, வைக்க வேண்டியதை வைத்துக் கொடுத்தார்.

பீரோவில் பழைய கோட்டு தொங்கிய இடத்தில் அதைத் தொங்கவிட்டேன். அக்கா அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். மைக்குக்கு வைத்தாள், பூட்ஸுக்கு வைத்தாள், பெல்ட்டுக்கு வைத்தாள். கோட்டுக்கு வந்ததும் தாண்டிப் போய்விட்டாள்.

"ஏன், இதுக்கு இன்னா கொறச்சல்?"

"அது அவரு போட்டது இல்லடி."

வந்ததே எனக்குக் கோபம். "போட்டாரே! காலையிலருந்து மத்தியானம் வரைக்கும் இதைப் போட்டுக்கினுதானே படுத்திருந்தாரு? ஊரே வந்து பாத்துச்சே? ஒன் கணக்குல அவரு போட்டது ஒரிஜினல்னா, இது யாரு போட்டதாம்? விருத்தாசலமா?"

அக்கா என்னைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள். சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மெதுவாக வலது பாக்கெட்டின் மூடியைத் தூக்கிக் கையை விட்டாள். மணிக்கட்டு வரைக்கும் கை உள்ளே போனது. வெளியே எடுத்தபோது விரலில் ஒரு கல்கண்டு இருந்தது.

"எறும்பு வந்துடுமேடி" என்றாள்.

"வரட்டும்" என்றேன். "நீ மொதல்ல பொட்ட வை."